சார், சாப்பிட வாங்க

கூப்பிடுறேன் தம்பி, கூப்பிட மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? முதல்ல உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். ஜன்னல்கிட்ட இருக்கு பாருங்க, அதுல உட்காருங்க. ஒரு மணி நேரமா உங்க அப்பா ரூம் கதவைத் தட்டிட்டு நின்னீங்க, நானும் இங்க என் அடுப்படியில இருந்து கேட்டுட்டுதான் இருந்தேன். அப்பா கதவைத் திறங்கப்பா, அப்பா கதவைத் திறங்கப்பான்னு. தொண்டை கட்டிப் போயிருக்கும். இந்தாங்க, தண்ணி குடிங்க.

அவர் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டார்னா அவ்வளவுதான், இடியே விழுந்தாலும் திறக்க மாட்டார். அவர் வீட்டுல வேலை செய்யற அம்மா சொன்னாங்களாக்கும், பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டா எழுந்து வந்துடுவார்னு? நிஜம்தான். நான் கூப்பிட்டா வருவார். கார்ல ஏறுங்கன்னு சொன்னா ஏறிடுவார், எங்க போறோம்னுகூடக் கேக்க மாட்டார். அந்த முதியோர் இல்லம் நல்ல இடமா? தோட்டம் எல்லாம் இருக்கா. நர்ஸ்? ராத்திரி பகல் ரெண்டுக்கும் இருக்காங்களா, சரி சரி. எனக்கென்ன தம்பி, நீங்க பெத்த பிள்ளை, எங்க கொண்டு போய் விட்டாலும் கேக்க நான் யாரு. என்னைக் கூப்பிடத்தானே சொல்றீங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசிக்கறேன். எப்படியும் பன்னிரண்டரைக்குத்தான் நான் கூப்பிடறது வழக்கம். அதுக்கு முன்னாடி கூப்பிட்டா அவருக்கு ஒரு சந்தேகம் வந்துடும்.

கூப்பிடறதுன்னா லேசுன்னு நினைக்காதீங்க. என் தொழிலே அதுதான். இருபத்தெட்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில, டாக்டர் ரூம் வாசல்ல நின்னு பேர் கூப்பிட்டவ நான். மைக்கெல்லாம் கிடையாது. சீட்டைப் பார்த்துப் பேரைச் சொல்லுவேன், கூட்டத்துல எந்த மூலையில இருந்தாலும் எழுந்து வருவாங்க. பயந்து போய் உட்கார்ந்திருக்கறவங்களை ஒரு மாதிரி கூப்பிடணும், வரிசையில முந்தறவனை வேற மாதிரி கூப்பிடணும். ஊசின்னு சொன்னாலே கத்தி ஊரைக் கூட்டற குழந்தை, நான் கூப்பிட்டா தானா நடந்து வந்து கையை நீட்டும். உள்ள அதுக்கு என்ன காத்திருக்குன்னு எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. அது கொஞ்சம் பாவப்பட்ட வேலைதான். ஆனா நோய் தீரட்டும்னு கூப்பிடறதுனால மனசு சமாதானம் ஆயிடும்.

என்ன சொல்ல வந்தேன். ஆங், உங்க அப்பா.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இந்த வீடு கட்டி நாப்பது வருஷம் ஆச்சு. அப்ப இதுதான் ஊருக்குக் கடைசி வீடு. சுத்தி வெறும் நிலம், புதரு, ஒரு ஒத்தையடிப் பாதை. நாய் பாதையிலதான் படுத்திருக்கும், நாமதான் சுத்திப் போகணும். ஒரு நாள் ரெண்டு பேர் டேப்பு எடுத்துட்டு வந்து அளந்தாங்க, வெள்ளையடிச்ச கல்லா நட்டுட்டுப் போனாங்க. அப்புறம் ரோடு வந்துச்சு, கம்பம் வந்துச்சு, செங்கல் லாரி வந்துச்சு. நான் எங்கயும் குடி போகல தம்பி, நகரம்தான் என் வாசலுக்குக் குடி வந்துச்சு. வந்ததும் வராததுமா, நீ ஏன் இங்க இருக்கேன்னு என்னையே கேட்டுச்சு.

முதல்ல வீடு கட்டினது உங்க அப்பாதான். மரியாதைக்கு நான் போய், வாங்கண்ணே, தண்ணி கிண்ணி வேணும்னா கேளுங்கண்ணேன்னு சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தார். அண்ணே எல்லாம் வேணாம்மா, சார்னு சொல்லுங்க, லைசென்ஸ் ஆபீஸ்ல சூப்பரின்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனவன்னு சொன்னார். சரிங்க சார்னுட்டு வந்துட்டேன். மறுவாரம் அவர் வீட்டு வெளிச்சுவர்ல போர்டு மாட்ட ஆரம்பிச்சார். குப்பை போடாதே. வண்டி நிறுத்தாதே. கோழி விடாதே. நாய் விடாதே. எல்லாம் ஆதே ஆதேன்னு முடியும், ஒண்ணுலகூடத் தயவு செய்துன்னு கிடையாது. இந்தத் தெருவுல கோழி வெச்சிருந்தது நான் ஒருத்தி, நாய் வெச்சிருந்ததும் நான் ஒருத்தி. அப்ப அந்த போர்டெல்லாம் யாருக்கு? என் பேரை எழுதல, அவ்வளவுதான்.

கோழிங்களைக் கொண்டு போய் அக்கா வீட்டுல விட்டேன். ரெண்டு தெரு தள்ளி இருக்கா எங்க அக்கா. சண்டை வேணாம்டி, பெரிய மனுஷன்னு சொன்னா. ஆனா நாயை எங்க விடறது? தடியன்னு பேரு. பேருக்கேத்த மாதிரி இருப்பான், திருடன் வந்தாக்கூட வாலாட்டிட்டு வழி விட்டுடுவான். பதினோரு வருஷம் என்கூட இருந்தான். எங்க வீட்டுக்காரர் போனப்ப, வந்தவங்க எல்லாம் மூணாம் நாளே கிளம்பிட்டாங்க தம்பி. அவன்தான் கட்டிலுக்குக் கீழ படுத்திருந்தான், நான் புரண்டா அவனும் புரளுவான்.

உங்க அப்பா அவன்மேல கல்லெறிவார், தண்ணி ஊத்துவார். அவன் ஓடி வந்து என் காலுக்குள்ள நிப்பான். மறுபடி மறுநாள் அவர் வீட்டு நிழல்லயே போய்ப் படுப்பான், அறிவுகெட்டது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலையில எழுந்து பார்க்கறேன், அவனைக் காணோம். தெருத் தெருவா கத்திட்டுப் போனேன். இருபத்தெட்டு வருஷம் கூட்டத்தையே எழுப்பின தொண்டை, ஒரு நாயைக் கூப்பிட முடியல. நாய் பிடிக்கற வண்டி வந்துட்டுப் போச்சுன்னு யாரோ சொன்னாங்க. பிடிச்ச நாய்ங்களை அடைக்கற கொட்டடியைத் தேடிப் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு நாள் ஆயிடுச்சு. அங்க இருந்த ஆளு ஒரு கூடையைக் கொண்டு வந்து என் முன்னாடி கொட்டினான். எல்லாம் கழுத்துப் பட்டை. உங்களுது எதுன்னு பார்த்து எடுத்துக்கோங்கன்னான்.

எடுத்துட்டு வந்தேன். பட்டையை மட்டும். வேற என்ன பண்றது.

உங்க அப்பாதான் பண்ணார்னு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நான் திரும்பி வர்றப்ப அந்தச் சுவரைப் பார்த்தேன். நாய் விடாதேன்னு ஒரு போர்டு சொன்னேன்ல, அதை மட்டும் கழட்டியிருந்தார். ஆணி அடிச்ச ஓட்டை புதுசா தெரிஞ்சுச்சு. இனிமே தேவையில்லைன்னு எடுத்துட்டார், அவ்வளவு ஒழுங்கான மனுஷன்.

அன்னைக்கு எனக்குள்ள ஒண்ணு பத்திக்கிச்சு தம்பி. இத்தனை வயசுக்கு யாரையும் நாசமாப் போன்னு சொன்னவ இல்ல நான். தினம் காலையில பல்லு விளக்கறப்பவே உங்க அப்பாவைத் திட்ட ஆரம்பிப்பேன். சட்டி பானை கழுவறப்பல்லாம் அவர் ஞாபகம்தான். எதைப் பண்ணினா அவருக்கு வலிக்கும்னே யோசிச்சுட்டிருப்பேன். போலீஸ்ல சொல்லலாம், என்ன சாட்சி இருக்கு? ஒரு ஆணி ஓட்டையா?

அப்பதான் தற்செயலா ஒண்ணு வந்து சேர்ந்துச்சு. அந்தக் கடைசித் தெருவுல குழாய் போடறதுக்கு சிமெண்ட் பைப் போட்டு வெச்சிருந்தாங்க. மழையில அதுக்குள்ள ஒரு நாய்க்குட்டி கத்திட்டிருந்துச்சு. தூக்கிட்டு வந்துட்டேன். அக்கா கேட்டா, என்ன பேரு வைக்கப் போறேன்னு. ஒரு நொடிகூட யோசிக்கல. சார்னு சொன்னேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க. ஊரே சிரிச்சுச்சு.

வெறுமனே பேர் வெச்சா அதுல என்ன இருக்கு, மரியாதையாக் கூப்பிடணும்ல. சார், இங்க வாங்க. சார், அதை மோந்து பாக்காதீங்க, அசிங்கம். சார், நடுரோட்டுல காலைத் தூக்கலாமா, படிச்சவங்க பண்ற காரியமா இது? எல்லாம் உங்க அப்பா வீட்டு கேட்டுக்கு நேரா நின்னு, ஆஸ்பத்திரிக் குரல்ல. காய்கறிக்காரம்மா தராசைக் கீழ வெச்சுட்டு, சாருக்கு என்னம்மா, உடம்பு பூரா சொறிஞ்சுட்டு இருக்காரேன்னு கேட்பாங்க. பேன் விழுந்திருக்கு, மருந்து வாங்கணும்பேன். உங்க அப்பா மாடியில நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டு இருப்பார். கால்நடை டாக்டர்கிட்ட தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்க சீட்டுல பேரைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு, சார் வரலாம்னு கூப்பிட்டுச்சு. நாலு ஆம்பளைங்க எழுந்து நின்னாங்க.

உங்க அப்பா நகராட்சியில புகார் எழுதிக் கொடுத்தார். ரெண்டு பக்கம், டைப் அடிச்சு. அதிகாரி வந்தார், நாய்க்கு இவர் பேரை வெச்சிருக்கீங்களாமேன்னார். இல்லீங்களே, அவர் பேரு என்னன்னே எனக்குத் தெரியாது, கேட்டாக்கா சார்னு சொல்லுங்கன்னுதான் சொல்லியிருக்கார்னேன். அந்த அதிகாரி மீசைக்குள்ள சிரிச்சுட்டு, என்னையும் சார்னுதாம்மா கூப்பிடறாங்க, நான் எங்க போய்ப் புகார் கொடுக்கறதுன்னு கிளம்பிட்டார். அன்னைக்கு ராத்திரி ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன்.

இப்படி ரெண்டு வருஷம் ஓடுச்சு. அப்புறம் அவர் கொஞ்சம் கொஞ்சமா மாற ஆரம்பிச்சார். நீங்க ஃபோன்ல பேசறப்ப தெரிஞ்சிருக்குமே. இல்லையா? ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்லுவார், கேட்டைப் பூட்டிட்டு சாவியைச் சுத்தித் தேடுவார். சட்டையை உள்வெளியா போட்டுட்டு நிப்பார். தெருவுல யாரும் சொல்லல, பெரிய மனுஷன்கிட்ட யார் சொல்றது. நான் பார்த்தேன், பார்த்துட்டு சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்றதுல என்ன வெக்கம்.

போன வருஷம் ஒரு நாள், பன்னிரண்டரை மணி. நான் வாசல்ல நின்னு நாய்த்தட்டைக் கரண்டியால தட்டிட்டு, சார், சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன். நாய் வந்துச்சு. நாய்க்குப் பின்னாலயே உங்க அப்பா வந்தார். தலை சீவி, சட்டையில ஒரு பட்டனை மாத்திப் போட்டுட்டு. நேரமாயிடுச்சாம்மா, கை கழுவிட்டு இருந்தேன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் உறைச்சுச்சு. அவர் வந்தது அந்த வாங்கவுக்கு. நான் நாயை, வாடா சாப்பிடன்னு எல்லார் மாதிரியும் கூப்பிட்டிருந்தா அந்த மனுஷன் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். குத்திக் காட்டணும்னு ஒரு ங்க சேர்த்தேன் பாருங்க, அதைப் பிடிச்சுட்டு வந்து நின்னுட்டார். அவரை யார் கடைசியா சாப்பிடக் கூப்பிட்டாங்களோ, எனக்கென்ன தெரியும்.

அந்த நாய்த்தட்டையே அவர் முன்னாடி வெச்சுடலாமான்னு கை போச்சு. பொய் சொல்லல, போச்சு. ஆனா அவர் கை ரெண்டும் ஈரமா இருந்துச்சு, துடைக்கத் துணி தேடினார். அதைப் பார்த்ததும் உள்ள போய் வேற தட்டு எடுத்துட்டு வந்தேன்.

நன்றியெல்லாம் வேணாம் தம்பி, அவசரப்படாதீங்க. நான் இரக்கப்பட்டுப் போடல. என் கணக்கே வேற. என்னைக்காவது ஒரு நாள் அவருக்குப் புத்தி தெளிவா இருக்கும்ல, அன்னைக்குச் சொல்லணும். சார், இத்தனை மாசமா நீங்க நாயைக் கூப்பிட்ட குரலுக்கு வந்து சாப்பிட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, அந்த மூஞ்சியைப் பாக்கணும். அதுக்காகத்தான் தினம் கூப்பிட்டேன், தினம் போட்டேன். அக்காதான் கிண்டல் பண்ணுவா. பழிவாங்கற லட்சணத்தைப் பாரு, முட்டையை வேற ரெண்டா நறுக்கி வைக்கறான்னு. அவருக்கு முழுசா வெச்சா எடுத்துச் சாப்பிடத் தெரியலடி, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்னு சண்டைக்குப் போவேன்.

நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. ஹோட்டல்காரம்மான்னு நினைக்கறாரோ, வேலைக்காரின்னு நினைக்கறாரோ. ஒரு நாள் சாப்பிட்டுட்டே இருந்தவர் கையை நிறுத்திட்டு, அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், பக்கத்து வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னார். எந்தப் பக்கத்து வீட்டம்மான்னு கேட்டேன். அந்தத் தடியன் நாய் வெச்சிருக்காங்களே, அவங்கன்னார்.

கரண்டி என் கையில இருந்துச்சு தம்பி. அதைக் கீழ வெச்சுட்டு, சொல்லுங்க சார்னேன்.

நாய் வண்டி வந்த அன்னைக்குக் காலையில அவர் பாக்கெட் நிறைய பிஸ்கட் போட்டுட்டுப் போயிருக்கார். வண்டிக்காரங்க கயிறு போட்டுத் துரத்தியிருக்காங்க, தடியன் சந்துக்குள்ள புகுந்துட்டான். அப்ப இவர் போய்க் கூப்பிட்டிருக்கார். அதுவரைக்கும் கல்லெறிஞ்ச கை, அன்னைக்குத்தான் முதல் தடவையா பேரைச் சொல்லி, தடியா, வாடா கண்ணான்னு. வாலை ஆட்டிட்டு வந்தானாம். பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி வண்டி வரைக்கும் கூட்டிட்டுப் போனாராம், அவனே தாவி ஏறிட்டானாம். ஏறினதுக்கப்புறம் இவர் கையை நக்கினானாம். அவனுக்கு என்மேல கோவமே இல்லம்மான்னு என்கிட்ட சொல்றார். என்கிட்ட. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தத் தட்டைப் பிடுங்கி மூஞ்சியில அடிச்சிருப்பேன். ஆனா அடிச்சா யாருக்கு வலிக்கும்? எதுக்கு அடி வாங்கறோம்னே தெரியாம முழிக்கற ஒரு கிழவனுக்கு. நான் மூணு வருஷமா தேடின ஆளு அந்த உடம்புல இல்ல தம்பி, அவர் எப்பவோ எழுந்து போயிட்டார். பல்லைக் கடிச்சுட்டு, ஏன் சார் அப்படிப் பண்ணீங்கன்னு மட்டும் கேட்டேன்.

சொன்னார். பையன் ஃபோன்ல சொன்னானாம். பக்கத்துல அந்த நாய் இருக்கற வரைக்கும் வீட்டுக்கு வர மாட்டேன், பாப்பாவுக்கு நாய்னா உயிர் போற பயம்னு. பேத்தி வருவான்னுதானே மாடியில ஒரு ரூம் கட்டி, கட்டில் எல்லாம் வாங்கிப் போட்டு வெச்சிருக்கார். அதான் நாயை அனுப்பிட்டாராம். இப்ப நாய் இல்லைன்னு பையன்கிட்ட சொல்லிட்டேன்மா, வர்ற ஞாயித்துக்கிழமை வர்றாங்கன்னார். சிரிச்சுட்டே சொன்னார். அதுக்கப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கார், எல்லாத் தடவையும் வர்ற ஞாயித்துக்கிழமைதான்.

சொன்னீங்களா தம்பி, அப்படி? ஞாபகம் இல்லையா? யோசிச்சுப் பாருங்க. ஆங், சொல்லியிருக்கலாம். வேலை நெருக்கடியில ஏதோ ஒண்ணு சொல்லியிருப்பீங்க, பெரியவங்க தொணதொணன்னா வாய்க்கு வந்ததைச் சொல்லி ஃபோனை வைக்கறது வழக்கம்தானே. மனசுல வெச்சுட்டு சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்குப் புரியுது.

அது இருக்கட்டும், உங்க பொண்ணுக்கு இப்ப என்ன வயசு? பதினொண்ணா. ஸ்கூலுக்குப் போயிருக்கா. சரி. இன்னும் நாய்னா பயம்தானா? இல்ல, சும்மாதான் கேட்டேன். நீங்க காரை நிறுத்தறப்ப நான் இந்த ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன். பாதி இறக்கிவிட்ட கண்ணாடியில மூக்கை வெச்சுட்டுப் பின்சீட்ல ஒண்ணு உட்கார்ந்திருக்கே, வெள்ளையா, கழுத்துல மணி கட்டி. யாரோடது அது? சொல்லுங்க, என்ன இப்ப. பாப்பாவோடதா. அழகா இருக்கு. வீட்டுல தனியா விட்டா ஏங்கிப் போயிடும்னு கூட்டிட்டு வந்தீங்களா. அடடா. எத்தனை வருஷமா வளக்கறீங்க?

ஏழு வருஷமா.

எழுந்திரிக்காதீங்க தம்பி, உட்காருங்க. அதைப் பார்த்ததுக்கப்புறம்தான் உங்களை உள்ள வந்து உட்காரச் சொன்னேன், இல்லைன்னா நீங்க கேட்டதும் வாசல்ல நின்னே கூப்பிட்டு அனுப்பியிருப்பேன். பாருங்க, மணி பன்னிரண்டரை ஆயிடுச்சு. நான் வாக்கு மாற மாட்டேன், கூப்பிடுறேன். வருவார். நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, கார் பின்கதவைத் திறந்து, பாருங்க சார், இது உங்க பேத்தியோட நாய், ஏழு வருஷமா வளக்கறாளாம்னு காட்டறேன். பக்கத்துலயே உட்கார வைக்கறேன். அவர் ஏதாவது கேட்பார். போற வழி பூரா நீங்க பதில் சொல்லிட்டே ஓட்டுங்க. அவர் சாயங்காலத்துக்குள்ள மறந்துடுவார். நீங்கதான் மறக்க மாட்டீங்க.

சொல்லுங்க தம்பி, கூப்பிடவா?